உடல்நலம் பேணுவோம்: நெஞ்செரிவும் நமது உணவும்



"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பார்கள் நம் முன்னோர். உணவை நன்றாக மென்று ஆறுதலாகச் சாப்பிட்டால் நோயின்றி வாழலாம் என்பது இதன் பொருள். ஆனால் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, பிரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரு தோட்டத்துத் தாய்க்கு ஆறுதலாக மெல்லுவதற்கு நேரம் ஏது? ஒரு கோப்பைத் தேத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறுகிறாள். பத்து மணியளவில் நெஞ்சு எரிகிறது. "கேஸ்டிரைட்டிஸ்தான், வேறொன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்கிறாள்.

நெஞ்செரிவு, புளித்த ஏப்பம், மேல்வயிற்று எரிவு ஆகிய தொல்லைகள் நம் பெண்கள் பலருக்கு அன்றாடத் துணையாகிவிட்டன. இவை ஏன் ஏற்படுகின்றன, உணவுப் பழக்கத்தால் இவற்றை எவ்வாறு கட்டுப்படுத்தலாம், எப்போது வைத்தியரிடம் கட்டாயம் போக வேண்டும் என்பவற்றை இம்மாதம் பார்ப்போம்.

நெஞ்செரிவு என்றால் என்ன?

நாம் விழுங்கும் உணவு, உணவுக்குழாய் வழியாக இரைப்பையைச் சென்றடைகிறது. இக்குழாய் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளமானது. இரைப்பையில் உணவைச் சமிக்கச் செய்யும் கடுமையான அமிலம் சுரக்கிறது. அந்த அமிலத்தைத் தாங்குவதற்கு இரைப்பையின் உட்சுவரில் வழுவழுப்பான பாதுகாப்புப் படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. எனவே இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவுபோல் அமைந்துள்ளது. உணவு உள்ளே போகும்போது திறந்து, பின்னர் இறுக மூடிக்கொள்வது அதன் வேலை.

இந்தக் கதவு தளர்ந்தாலோ, வயிற்றின் அழுத்தம் கூடினாலோ அமிலம் மேலே வருகிறது. நெஞ்சின் நடுவில் எரிவு, வாயில் புளிப்பு, இரவில் இருமல், காலையில் தொண்டைக் கரகரப்பு ஆகியவை இதனால் உண்டாகும்.

மேல்வயிற்றில் மட்டும் எரிவும் நோவும் இருப்பது வேறு காரணத்தாலும் ஆகலாம். ஹெலிகோபக்டர் பைலோரி என்னும் கிருமியே பெரும்பாலான இரைப்பை அழற்சிக்கும் குடற்புண்ணுக்கும் காரணம் என்பதை அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பரி மார்ஷல், ரொபின் வொரன் ஆகிய இரு வைத்தியர்கள் கண்டறிந்தார்கள். இதை நிரூபிக்க மார்ஷல் 1984 இல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றார். இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கிருமியால் வந்த புண்ணை உணவால் மட்டும் மாற்ற முடியாது. வைத்தியர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் குறித்த நாட்கள் முழுவதும் எடுத்து முடிக்க வேண்டும். ஆகவே "எல்லாம் கேஸ்டிரைட்டிஸ்தான்" என்று ஒரே பெயரில் ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் வாழ்க்கையில் இது ஏன் கூடுகிறது?

முதலாவது காரணம், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் பெண் என்பதாகும். கணவர், பிள்ளைகள், மாமியார் எல்லோரும் உண்ட பின், சட்டியில் எஞ்சியதே அவளுக்கு. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் ஏற்பட்ட கடும் உணவுத் தட்டுப்பாட்டை நம் பாட்டிமார் நன்கறிவார்கள். 2022 பொருளாதார நெருக்கடியிலும் பல வீடுகளில் முதலில் குறைந்தது தாயின் பங்குதான். பகல் முழுவதும் அரைவயிறாக இருந்துவிட்டு, இரவில் ஒரே வேளையாக நிறையச் சாப்பிட்டுப் படுத்தால், நிரம்பிய இரைப்பை அமிலத்தை மேலே தள்ளும்.

இரண்டாவது, நமது வேலையின் தன்மை. இடுப்பில் இறுக்கிக் கட்டும் படங்கும் கயிறும் வயிற்றை அழுத்துகின்றன. சரிவில் குனிந்து கொழுந்து பறிக்கும்போது அழுத்தம் மேலும் கூடுகிறது. சாப்பிட்ட கையோடு மலையேறினால் எரிவு வருவதில் வியப்பில்லை. படங்கைச் சற்றுத் தளர்த்தி, வயிற்றுக்கு மேலாக அன்றி இடுப்பெலும்பின் மீது கட்டிப் பாருங்கள். சாப்பிட்ட பின் 10 நிமிடமாவது நேராக உட்காருங்கள்.

மூன்றாவது, குளிர். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிருக்கு இதமாக அடிக்கடி தேத்தண்ணி குடிப்பதும், இரவுச் சாப்பாடு முடிந்தவுடன் போர்வைக்குள் புகுந்துகொள்வதும் இங்கு வழக்கம். இரண்டுமே எரிவைத் தூண்டக்கூடியவை.

தேத்தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை

தேயிலையால் வாழும் நாம் தேத்தண்ணியை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. குடிக்கும் நேரத்தையும் அளவையும் சூட்டையும் மாற்றினாலே போதும்.

வெறும் வயிற்றில் கடும் சாயத் தேத்தண்ணி குடிப்பதைத் தவிருங்கள். முதலில் ஒரு குவளை இளஞ்சூடான நீரும், அரைத் துண்டு ரொட்டியோ ஒரு வாழைப்பழமோ இரண்டு வாய் சோறோ வயிற்றுக்குள் போகட்டும். அமெரிக்கப் பெண் தாதியரிடையே பல ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வில், கோப்பி, தேத்தண்ணி, சோடா ஆகியவற்றுக்குப் பதிலாக ஒரு பகுதியைத் தண்ணீராக மாற்றிக்கொண்டவர்களுக்கு எரிவு குறைவாக இருந்தது தெரியவந்தது. நாளொன்றுக்கு ஆறு கோப்பை குடிப்பவர் அதில் இரண்டை வெந்நீராகவோ கொத்தமல்லித் தண்ணியாகவோ மாற்றலாம்.

சாப்பாட்டுடன் சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரத்தசோகையால் வாடும் நம் பெண்களுக்கு இது இரட்டைப் பாதிப்பு. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பது நல்லது.

சூடும் முக்கியமானது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016 இல் அறிவித்தது. அது தேயிலையின் குற்றமன்று, சூட்டின் குற்றம். ஊதி ஊதி உறிஞ்ச வேண்டிய சூட்டில் குடிக்காமல், சில நிமிடங்கள் ஆறவிட்டு, இயல்பாக விழுங்கக்கூடிய பதத்தில் குடியுங்கள்.

எதைக் குறைப்பது? எதைச் சேர்ப்பது?

ஒருவருக்கு எரிவு தரும் உணவு இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. எனவே நீண்ட பத்தியப் பட்டியல் ஒன்றைப் பார்த்து எல்லாவற்றையும் விலக்கினால் உடல் மெலிவதே மிச்சம். ஒரு சிறு கொப்பியில் இரண்டு வாரங்களுக்கு, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எரிவு வந்ததா என்று குறித்து வாருங்கள். எழுத நேரமில்லாவிட்டால் பாடசாலை போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். உங்கள் எதிரி யார் என்பது தெரிந்துவிடும்.

பொதுவாகப் பலருக்கும் ஒத்துவராதவை: எண்ணெயில் பொரித்த வடை, ரோல்ஸ், பொரித்த கருவாடு, முதற்பால் ஊற்றிய கொழுப்பான கறிகள், அதிக மிளகாய் சேர்த்த கட்டச்சம்பல், பச்சை வெங்காயம், தக்காளி, தேசிக்காய், புளி ஆகியவை கூடிய குழம்பு, சொக்கலேற், சோடா வகைகள், மதுபானம். கொழுப்பு நிறைந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்குகிறது. அதனால்தான் சாப்பிட்டு வெகுநேரத்தின் பின்னும் எரிவு வருகிறது.

பொதுவாக ஒத்துவருபவை: சோறு, கஞ்சி, இடியப்பம், அவித்த கிழங்கு, பருப்பு, கீரை, பப்பாளி, வாழைப்பழம், தோல் நீக்கிய கோழி, மீன் ஆவியில் வேகவைத்தது. நுவரெலியா மண்ணில் விளையும் கரட், லீக்ஸ், பீற்றூட், உருளைக்கிழங்கு, போஞ்சி ஆகியவற்றைக் குறைந்த எண்ணெயில் வதக்கியோ, மூன்றாம் பாலில் அவித்தோ சமைக்கலாம். கோவா சிலருக்கு வயிற்றை ஊதச் செய்யும். அப்படியானால் நன்கு வேகவைத்துச் சிறிதளவு சேருங்கள்.

ரொட்டியை விட வேண்டியதில்லை. ரொட்டியும் கட்டச்சம்பலும் என்பதை ரொட்டியும் பருப்பும் அல்லது ரொட்டியும் கீரையும் என்று மாற்றுங்கள். செலவு பெரிதாகக் கூடாது, புரதமும் இரும்பும் கிடைக்கும். பால் குடித்தால் எரிவு தணியும் என்று பலர் நம்புகிறார்கள். குடித்தவுடன் இதமாக இருந்தாலும், சற்று நேரத்தில் அமிலம் மீண்டும் சுரக்கும். படுக்கப்போகும்போது முழு ஆடைப் பால்மா கரைத்துக் குடிப்பதைத் தவிருங்கள்.

ஒரு நாள் உணவு இப்படி அமையலாம்

காலை எழுந்ததும்: இளஞ்சூடான நீர், ஒரு வாழைப்பழம் அல்லது சிறு கோப்பை இலைக்கஞ்சி.

வேலைக்குப் போகுமுன்: ஒரு ரொட்டி, பருப்பு. அதன் பின் அவகாசமிருந்தால் மெல்லிய சாயத் தேத்தண்ணி.

இடைவேளையில்: கொண்டுசென்ற மற்றொரு ரொட்டி அல்லது அவித்த கடலை, தண்ணீர்.

மதிய நிறுவைக்குப் பின்: சோறு, ஒரு மரக்கறி, கீரை, இயலுமான நாட்களில் மீன் அல்லது முட்டை. நாளின் பெரிய சாப்பாடு இதுவாக இருக்கட்டும்.

மாலை வீடு திரும்பியதும்: தேத்தண்ணியுடன் ஏதாவது சிறிதளவு உணவு. மாலையில் சற்றுச் சாப்பிட்டால் இரவில் அளவோடு உண்ண முடியும்.

இரவு 7 மணிக்கு முன்: மதியத்தில் பாதி அளவு உணவு.

இவற்றுள் எதுவும் புதிய செலவல்ல. ஒரே உணவை நேரம் பிரித்து உண்பதுதான் மாற்றம்.

இரவும் உறக்கமும்

கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணித்தியாலமாவது இருக்க வேண்டும். 9 மணிக்கு உறங்குபவர் 6 மணிக்குச் சாப்பிட முடியாது என்றால், இரவில் கஞ்சிபோன்ற இலகுவான உணவை எடுத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுதல் முதலிய வேலைகளை அதன் பின் வைத்துக்கொள்ளலாம்.

இரவில் எரிவு வருபவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ் 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குச் செங்கல் அல்லது மரக்கட்டை வையுங்கள். கட்டில் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லயக் காம்பராவில் நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள், மடித்த கம்பளியைப் பாயின் கீழ் முதுகிலிருந்தே சரிவாக வரும்படி வைக்கலாம். தலையணையை மட்டும் உயர்த்தினால் கழுத்தும் வயிறும் மடங்கி எரிவு கூடும். இடப்பக்கமாகச் சரிந்து படுப்பதும் நன்மை தரும்.

மனக்காயமும் வயிறும்

1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களின் பின் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. அவர்களில் பலர் 2009 வரை நீடித்த போரையும் அங்கேயே அனுபவித்தார்கள். பதுங்கு குழிக்குள் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் அவசரமாக விழுங்கியதையும், முகாம்களில் உணவுக்காக வரிசையில் நின்றதையும் உடல் எளிதில் மறப்பதில்லை. இன்றும் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடத்து வயிறு இறுகுவதாகச் சொல்லும் சகோதரிகள் உண்டு.

மூளைக்கும் குடலுக்கும் நரம்புகள் வழியாக நெருங்கிய தொடர்பு உண்டு. அச்சமும் துயரமும் உறக்கமின்மையும் உணவுக்குழாயைக் கூருணர்வுள்ளதாக்கிவிடுகின்றன. சிறிதளவு அமிலம் வந்தாலும் பெரிய எரிவாகத் தெரியும். அது வெறும் கற்பனையன்று, உண்மையான வலி. "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனதால்" என்று எவராவது சொன்னால் நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு முன் 5 நிமிடம் ஒரு கையை வயிற்றின் மீது வைத்து, மூச்சை உள்ளிழுக்கும்போது வயிறு உயர்வதையும், வெளிவிடும்போது தாழ்வதையும் கவனித்து மெதுவாக மூச்சு விடுங்கள். இப்பயிற்சி உதரவிதானத் தசையை வலுப்படுத்தி எரிவைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. மனதையும் அமைதிப்படுத்தும். துயரம் தாங்க முடியாதபோது 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்துடன் பேசலாம்.

மருந்துகளில் கவனம்

முதுகு நோ, மூட்டு நோ, உடலில் தங்கிவிட்ட குண்டுச் சிதறலின் வலி ஆகியவற்றுக்காக டைக்ளோபெனாக், இபுபுரோபென், அஸ்பிரின் போன்ற குளிசைகளைக் கடையில் வாங்கி நாட்கணக்கில் விழுங்குபவர்கள் பலர். இவை இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைச் சிதைத்துப் புண்ணையும் இரத்தப்போக்கையும் உண்டாக்கும். வெறும் வயிற்றில் ஒருபோதும் எடுக்காதீர்கள். இவற்றுக்குப் பதிலாகப் பரசிற்றமோல் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எந்தக் குளிசையையும் ஒரு குவளை நீருடன் விழுங்கி, அரை மணித்தியாலம் படுக்காமல் இருங்கள். வைத்தியர் இருதய நோய்க்காகத் தந்த அஸ்பிரினையோ, இரத்த அழுத்தக் குளிசையையோ நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஒமிப்ரசோல் தரப்பட்டிருந்தால் காலை உணவுக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் எடுத்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். வைத்தியரின் ஆலோசனை இன்றி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் இரும்பு, விற்றமின் பி 12 ஆகியவை உடலில் சேர்வது குறையலாம். பழைய ரனிடிடின் குளிசை அட்டை வீட்டில் கிடந்தால் விழுங்காதீர்கள். அதில் தீங்கான வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்று 2020 இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது முற்றாக விலக்கப்பட்டது. அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதும் நல்லதன்று. அதிலுள்ள உப்புத்தன்மை இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கேடு.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் உணவுக்குழாயின் தசைக்கதவு தளர்கிறது. வளரும் கருப்பையும் இரைப்பையை மேலே தள்ளுகிறது. பெரும்பாலும் பிள்ளை பிறந்ததும் இது நீங்கிவிடும். எரிவுக்குப் பயந்து உணவைக் குறைக்காதீர்கள். கிளினிக்கில் தரும் திரிபோஷவையும் இரும்புக் குளிசையையும் கைவிடாதீர்கள். இரும்புக் குளிசை ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். எரிவைத் தணிக்கும் மருந்தையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் எடுக்காமல் 2 மணித்தியாலம் இடைவெளி விடுங்கள்.

வெற்றிலையும் புகையிலையும்

பசியை அடக்க வெற்றிலை போடும் வழக்கம் மலையகத்தில் பழையது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு வாய்ப் புற்றுநோயையும் உணவுக்குழாய்ப் புற்றுநோயையும் உண்டாக்கும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்குத் தனித்தே புற்றுநோய்க்குக் காரணமாகும். பசித்த வயிற்றுக்கு வேண்டியது உணவே. வெற்றிலைப் பைக்குள் ஒரு பிடி வறுத்த கடலையை வைத்துப் பழகுங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சோறு, ரொட்டி போன்றவை நெஞ்சில் சிக்குவதுபோல் இருந்தால், விழுங்கும்போது நோவு ஏற்பட்டால், காரணமின்றி உடல் மெலிந்தால், வாந்தியில் இரத்தமோ கோப்பித் தூள் போன்ற நிறமோ தெரிந்தால், மலம் தார்போல் கருத்து ஒட்டும் தன்மையுடன் துர்நாற்றமாக வெளியேறினால், உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இரும்புக் குளிசையாலும் மலம் கருக்கும், ஆயினும் அது தார்போல் ஒட்டாது. உணவை மாற்றியும் இரண்டு மூன்று வாரங்களில் எரிவு குறையாவிட்டாலும், 50 வயதுக்குப் பின் புதிதாக எரிவு தொடங்கினாலும் வைத்தியரைக் காண வேண்டும்.

தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடாமல், நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, 2017 மே மாதத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ கடிதம் வாங்கிச் செல்லலாம். தேவையானால் அங்கிருந்து உள்நோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஒரு நாள் பேருக்குப் பயந்து நோயை முற்றவிட வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். நெஞ்சை இறுக்கிப் பிழிவதுபோன்ற நோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களுக்கு அது வெறும் வயிற்றுக் குழப்பம், களைப்பு, முதுகு நோ போலவும் வரலாம். "கேஸ்" என்று எண்ணிச் சோடா குடித்துக்கொண்டிராமல் 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். தோட்டத்துப் பாதை கரடுமுரடானால், பிரதான வீதிவரை நோயாளியைக் கொண்டுவர அயலவரின் உதவியையும் அதே நேரத்தில் தேடுங்கள்.

சகோதரிகளே, இங்கு கூறியவற்றுள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாது. இந்த வாரம் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். அது, மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுவதாக இருக்கட்டும். தாய் முதலில் சாப்பிட்டால் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராது. போரிலும் வறுமையிலும் குடும்பத்தைத் தாங்கி நின்றவர்கள் நீங்கள். உங்கள் தட்டிலும் ஒரு பங்கு சோறும் ஒரு அகப்பை பருப்பும் இருக்க வேண்டியது நியாயமே. உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் இப்பகுதியை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டு, வேலை இடைவேளையில் எல்லோரும் சேர்ந்து உண்ண என்ன செய்யலாம் என்றும் பேசிப் பாருங்கள்.